நாலாம் நம்பர் நோட்டும் எட்டுக் கோடி நிலைகளும்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அண்ணாச்சி கடை. முன்னால் நோட்டு, பேனா, ஜெராக்ஸ். தட்டிக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல், ஒரு மர செஸ் போர்டு. கறுப்பு யானை ஒன்று எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு தைல டப்பா நிற்கும். பள்ளிக்கூட நாட்களில் அந்த டப்பாவிடம் நான் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. பெங்களூரில் பத்து வருஷம் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று பாளைக்குத் திரும்பியதும், சாயங்காலமானால் கால் தானாக அங்கேதான் போனது.

போன ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல், இங்கே வெறும் காற்று. அண்ணாச்சி ஒரு பழைய நோட்டை எடுத்துப் போர்டின் மேல் வைத்தார். அட்டையில் 4 என்று எழுதியிருந்தது. 1979-இல் ஆடிய ஆட்டங்கள். இப்படிப் பதினோரு நோட்டு, அறுநூறு ஆட்டங்களுக்குக் கொஞ்சம் மேலே. அவர் திறந்த பக்கத்தில் நீல மை பரவி, நடுவில் இரண்டு வரியைக் காணோம். கீழே பென்சிலால் போட்ட கட்டப்படம் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஏல, இந்த நிலைமை வேற எவனுக்காவது வந்திருக்கா, வந்தப்ப அவன் என்ன செஞ்சான்னு ஒன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுதியா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். அரை மணி நேர வேலை என்று நினைத்து விட்ட வார்த்தை. நாலு மாதம் ஆனது.

இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறதே, இலவசமாகவே கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் சோறு போட்ட தொழில். அதை அண்ணாச்சி முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

முதல் தடுமாற்றம் பெயரில் வந்தது. நெட்டு வரிசைக்கு எழுத்து, கிடை வரிசைக்கு எண் என்று இன்றைக்கு எழுதும் ஈ4, டி5 எதுவும் அந்த நோட்டில் கிடையாது. எல்லாம் பழைய ஆங்கிலப் புத்தகத்துக் குறியீடு: பி-கே4, பி-க்யூ4. பி சிப்பாய், ஆர் யானை, என் குதிரை, கே ராஜா, க்யூ ராணி; பி-கே4 என்றால் ராஜா வரிசையில் நாலாம் கட்டத்துக்குச் சிப்பாய். ஒவ்வொரு ஆட்டக்காரரும் கட்டங்களைத் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார். அதனால் வெள்ளை எழுதும் பி-கே4 இன்றைய ஈ4; கறுப்பு எழுதும் அதே பி-கே4 இன்றைய ஈ5. பெயர் ஒன்று, கட்டம் இரண்டு. 1981-இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே இந்த முறையை அங்கீகரிப்பதை நிறுத்தியது. அண்ணாச்சி 1986 வரை நிறுத்தவில்லை. முதல் ஆறு நோட்டையும் மாற்றி எழுதவே மூன்று வாரம் போயிற்று.

அறுநூறு ஆட்டத்துக்கு டேட்டாபேஸே வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆட்டத்தையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாலே நொடியில் முடிந்துவிடும். அண்ணாச்சி கேட்டதோ உலகத்தை. இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளம் ஜனவரி 2013 முதல் தன்னிடம் ஆடப்பட்ட ஆட்டங்களை மாதவாரியாக, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. முதல் மாதக் கோப்பில் 1,21,332 ஆட்டங்கள். இப்போதெல்லாம் ஒரு மாதத்துக்கே கோடிக்கணக்கில். என் லேப்டாப் தாங்குகிற அளவுக்கு, நல்ல ரேட்டிங் உள்ளவர்கள் ஆடியதாகப் பார்த்துப் பத்து லட்சம் ஆட்டங்களைப் பிரித்தெடுத்தேன். ஓர் ஆட்டத்துக்கு 80 அரை நகர்த்தல் (ஒருவர் ஒரு தடவை ஆடுவது அரை, இருவரும் ஆடினால் ஒன்று) என்று வைத்தால் எட்டுக் கோடி நிலைகள். அண்ணாச்சியின் கட்டப்படத்தை இந்த எட்டுக் கோடியில் தேடவேண்டும், அவர் டீயை ஆற்றி முடிப்பதற்குள்.

ஒரு நிலையை எழுத்தில் எழுத ஃபென் என்று ஒரு முறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் டேவிட் ஃபோர்சைத் வகுத்ததை, பிற்பாடு ஸ்டீவன் எட்வர்ட்ஸ் கணினிக்காக விரித்தார். காய்கள் எங்கெங்கே, யார் முறை, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கோட்டை கட்டும் உரிமை யாருக்குப் பாக்கி, ஆன் பாஸான் கட்டம் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை எதிரிச் சிப்பாய் வெட்டக்கூடிய, அது தாண்டிய கட்டம்) எது, சிப்பாய் நகராமலும் வெட்டு விழாமலும் எத்தனை அரை நகர்த்தல், இது எத்தனையாவது நகர்த்தல் என்று ஆறு பகுதி. நான் சோம்பேறித்தனமாக அந்த எழுத்துச் சரத்தை அப்படியே தேடுவதற்கான சாவியாக வைத்தேன். தேடினால் பாதி கிடைக்கிறது, பாதி கிடைக்கவில்லை.

ஏன் என்று போர்டில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒருவர் இப்படி ஆடுகிறார்: டி4, குதிரை எஃப்6, சி4, ஈ6, குதிரை சி3, டி5. இன்னொருவர்: சி4, ஈ6, குதிரை சி3, டி5, டி4, குதிரை எஃப்6. மூன்று மூன்று நகர்த்தல் முடிந்ததும் இரண்டு போர்டிலும் ஒரே நிலைதான், இம்மி பிசகாது. ஆனால் முதல் ஆட்டத்தில் கடைசியாக நகர்ந்தது டி சிப்பாய், இரண்டு கட்டம் தாண்டி. ஆகவே எட்வர்ட்ஸ் விதிப்படி ஆன் பாஸான் இடத்தில் டி6 என்று எழுத வேண்டும். அதைப் பிடிக்க வெள்ளைக்கு ஐந்தாம் வரிசையில் ஒரு சிப்பாய்கூட இல்லை, இருந்தும் எழுத வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் கடைசியாக நகர்ந்தது குதிரை, அங்கே வெறும் கோடு. அரை நகர்த்தல் கணக்கும் ஒன்றில் 0, இன்னொன்றில் 1. போர்டில் ஒரே நிலை, எழுத்தில் இரண்டு பெயர்.

ஜங்ஷனிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் வழியாக வந்தாலும் சரி, தச்சநல்லூர் சுற்றி வந்தாலும் சரி, வந்து இறங்குவது முருகன்குறிச்சிதான். என் டேட்டாபேஸ் இரண்டு முருகன்குறிச்சி வைத்திருந்தது. ஆகவே கடைசி இரண்டு எண்ணையும் தூக்கினேன். ஆன் பாஸான் கட்டத்தை, அதைப் பிடிக்க எதிரிச் சிப்பாய் பக்கத்திலேயே நின்றால் மட்டும் வைத்துக்கொண்டேன். எதை "அதே நிலை" என்பது என்ற இந்த முடிவை எடுக்காமல் தேடலுக்கு உதவும் அடுக்கிய பட்டியலான எந்த இண்டெக்ஸைப் போட்டும் பயனில்லை. நான் முதலில் போட்டது இண்டெக்ஸை.

அடுத்தது, அந்த நீளச் சரத்தை 64 பிட் எண்ணாக, அதாவது 64 ஒன்று-பூஜ்யங்களாக, சுருக்குவது. இந்த வழியை 1970-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் எழுதிவைத்துவிட்டார். எளிமை என்றால் அப்படி ஓர் எளிமை. பன்னிரண்டு வகைக் காய், 64 கட்டம். ஒவ்வொரு ஜோடிக்கும் குருட்டாம்போக்கில் ஓர் எண். மொத்தம் 768. கோட்டை உரிமைக்கு 4, ஆன் பாஸானுக்கு 8, யார் முறை என்பதற்கு 1. ஆக 781 எண்கள். போர்டில் இருக்கிறவற்றுக்கான எண்களையெல்லாம் எக்ஸ்ஆர் செய்தால் வருவதுதான் அந்த நிலையின் சாவி.

எக்ஸ்ஆர் என்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். கடையின் ஸ்விட்ச் போர்டைக் காட்டினேன். "இதுல 64 ஸ்விட்ச் இருக்குன்னு வைங்க அண்ணாச்சி. வெள்ளைக் குதிரை ஜி1-ல வந்தா இன்ன இன்ன ஸ்விட்சைத் தட்டணும்னு ஒரு சீட்டு. குதிரை அங்கிருந்து போனா அதே சீட்டை இன்னொரு தடவை தட்டணும். எரிஞ்சது அணையும், அணைஞ்சது எரியும்."

கொஞ்ச நேரம் ஸ்விட்ச் போர்டையே பார்த்தார். "அப்ப எதை முதல்ல தட்டுனாலும், எதைப் பெறகு தட்டுனாலும், கடைசியில எரியுத லைட்டு அதேதான?"

அதேதான். இதை நான் கல்லூரியில் புரிந்துகொள்ள ஒரு செமஸ்டர் ஆனது. தட்டுகிற வரிசை முக்கியமில்லை என்பதால்தான், வேறு வேறு வழியில் வந்த ஒரே நிலை ஒரே சாவியில் வந்து சேர்கிறது. ஒரு காய் நகர்ந்தால் போர்டு முழுவதையும் மறுபடி கணக்குப் போடவும் வேண்டாம். விட்ட கட்டத்துக்கு ஒரு தட்டு, வந்த கட்டத்துக்கு ஒரு தட்டு, முறை மாறியதற்கு ஒரு தட்டு. வெட்டு விழுந்தால் செத்த காய்க்கு இன்னொன்று.

இவ்வளவு எளிமையானதிலும் நான் இரண்டு முறை சறுக்கினேன். ஒரு நாள் ராத்திரி முழுக்க ஓட்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் காலையில் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஆரம்ப நிலைகூட. நிரல் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் அந்த 781 எண்களையும் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருந்தது. நேற்றைக்குப் பூட்டியது ஒரு சாவி, இன்றைக்கு கையில் வேறு. எண்களை ஒரே முறை உண்டாக்கிக் கோப்பில் எழுதி வைப்பதுதான் முறை. திறப்பாட்டங்களை (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை) சேர்த்துவைக்கும் பாலிகிளாட் என்ற கோப்பு வடிவம் தன் 781 எண்களையும் வெளியிட்டிருக்கிறது, அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது சறுக்கல் போனில். அண்ணாச்சி பார்ப்பதற்காக ஒரு சின்ன வலைப்பக்கம் செய்திருந்தேன். சாவி போனுக்குப் போய்த் திரும்பி வரும்போது கடைசி இலக்கங்கள் மாறிவிட்டன. வலைப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண் 53 பிட்டுக்கு மேல் துல்லியமாக நிற்காது. தெரிந்த விஷயம்தான், அடுத்தவன் நிரலில் பார்த்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். சாவியை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினேன், சரியாயிற்று.

இனிச் சேமிப்பு. சாவிக்கு 8 பைட், ஆட்ட எண்ணுக்கு 4, எத்தனையாவது அரை நகர்த்தல் என்பதற்கு 2. வரிசைக்கு 14 பைட், எட்டுக் கோடிக்கு 112 கோடி பைட். ஒரு ஜிபி சொச்சம், பயப்படுகிற அளவில்லை. நேராக எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஓர் அட்டவணை போட்டு, சாவிக்கு இண்டெக்ஸும் போட்டு, ஏற்ற ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் பறந்தது. அப்புறம் நடந்தது. அதற்கப்புறம் ஊர்ந்தது.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் பெயரை வந்த வரிசையில் எழுதினால் கை ஓடிக்கொண்டே இருக்கும். அகர வரிசையில்தான் எழுதவேண்டும் என்று மாப்பிள்ளையின் மாமா சட்டம் போட்டால், ஒவ்வோர் ஆளுக்கும் வேறு பக்கம் புரட்டவேண்டும். பந்தி முடிந்தாலும் மொய் முடியாது. ஸோப்ரிஸ்ட் சாவிகள் குருட்டு எண்கள். அடுத்தடுத்த இரண்டு நிலைகளின் சாவிகள் இண்டெக்ஸின் இரு கோடியில் போய் விழும். இண்டெக்ஸ் நினைவகத்துக்குள் அடங்குகிற வரைக்கும் தெரியாது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு வரிசைக்கும் டிஸ்க் ஒரு பக்கம் புரட்டும். என்னுடையது பழைய சுழலும் டிஸ்க் வேறு.

ஆகவே மொய்க்காரர் வழிக்கே வந்தேன். வந்த வரிசையில் ஒரு கோப்பில் கொட்டு, கடைசியில் மொத்தமாகச் சாவி வரிசைப்படி அடுக்கு. அடுக்கிய கோப்பில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் எட்டுக் கோடிக்கு 27 தாவல். இன்னும் குறைக்கலாம். சாவியின் முதல் 16 பிட்டை வைத்து 65,536 பிரிவுகள். எது எங்கே தொடங்குகிறது என்று ஒரு சின்னப் பட்டியல் நினைவகத்தில். பிரிவுக்குச் சராசரி 1,220 வரிசை, 17 கிலோபைட்டுக்குள். ஒரே தடவை டிஸ்கைத் தொட்டால் போதும். புது ஆட்டங்கள் வந்தால் தனியாக ஒரு குட்டிக் கோப்பில் சேர்த்துவைத்து, அது பெருத்ததும் பெரியதோடு கலப்பது. ராக்ஸ்டிபி மாதிரியான டேட்டாபேஸ் கருவிகள் உள்ளுக்குள் செய்வதும் இதைத்தான். லிசெஸின் திறப்பாட்டத் தேடல் ராக்ஸ்டிபி மேல்தான் நிற்கிறது.

சராசரி என்று சொன்னேன், அதில் ஒரு பொய் இருக்கிறது. ஆரம்ப நிலை பத்து லட்சம் ஆட்டத்திலும் வரும். அது விழுந்த பிரிவில் பத்து லட்சம் வரிசை. ஈ4-க்குப் பிறகு வந்த ஆட்டங்களையெல்லாம் காட்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் படிக்கப்போவதில்லை. அங்கே வேண்டியது கணக்கு: இந்த நிலையில் எதை எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை வெற்றி, எத்தனை டிரா. அதனால் நிறைய வரும் நிலைகளுக்குக் கூட்டிவைத்த கணக்கு மட்டும் ஒரு தனிக் கோப்பில். பதினைந்து இருபது நகர்த்தல் தாண்டினால் பெரும்பாலும் ஒரு நிலைக்கு ஒரே ஆட்டம்தான், அங்கே பட்டியல்.

இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே சாவி வந்துவிட்டால்? எட்டுக் கோடி நிலைகளில் அப்படி ஒரு ஜோடியாவது சிக்க வாய்ப்பு ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒன்று. நூறு கோடியானால் நூற்றுக்கு இரண்டரைக்கு மேலே போய்விடும். கிடைத்த ஆட்டத்தை அந்த நகர்த்தல் வரை ஓட்டிப் போர்டை ஒப்பிட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

எல்லாம் தயார். அண்ணாச்சியின் கட்டப்படத்தை உள்ளிட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில்: ஒன்றுமில்லை.

"அப்ப இது எவனுக்குமே வரலையா?"

"இதே நிலை வரலை அண்ணாச்சி."

"இதே நிலையை யாருல கேட்டா? டி சிப்பாய் தனியா நிக்கி, ரெண்டு பக்கமும் தொணைக்கு ஆள் இல்லை. அதை டி5-க்குத் தள்ளலாமா கூடாதான்னுதானே கேக்கேன்."

நாலு மாத வேலையும் கேட்காத கேள்விக்குச் செய்த வேலை. ஸோப்ரிஸ்ட் சாவியின் குணம் அப்படி: ஓர் ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் சாவி அடியோடு மாறிவிடும். "மாதிரி" என்ற சொல் அதற்குத் தெரியாது.

மாதிரியைத் தேட வேறு சாமான் வேண்டும். போர்டில் 64 கட்டம், கணினி ஒரே மூச்சில் கையாளும் எண்ணில் 64 பிட். வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கும் கட்டங்களை ஓர் எண்ணில் ஒன்றுகளாகக் குறிக்கலாம், கறுப்புக்கு இன்னொன்று. தனிச் சிப்பாயா என்று பார்க்க இரண்டே கேள்வி: டி4-க்குரிய பிட் ஒன்றா? சி, ஈ நெட்டு வரிசைகளில் ஒன்றாவது இருக்கிறதா? இரண்டும் ஒவ்வோர் 'அண்ட்' கணக்கு, இரண்டு எண்களிலும் ஒன்றாக இருக்கும் பிட்டுகளை மட்டும் எடுப்பது. சிப்பாய்கள் அடிக்கடி நகராதது இன்னும் வசதி. எண்பது அரை நகர்த்தலில் சிப்பாய் அமைப்பு மாறுவது இருபத்தைந்து தடவை என்று வைத்துக்கொள்ளலாம். அமைப்பையும் அது எங்கிருந்து எங்கு வரை நீடித்தது என்பதையும் எழுதினால் வரிசைக்கு 24 பைட், இரண்டரைக் கோடி வரிசை, 60 கோடி பைட். நினைவகத்திலேயே வைத்து இண்டெக்ஸே இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை படிக்கலாம். படித்தேன். இண்டெக்ஸுக்காக இத்தனை நாள் மாரடித்தவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

இதில் என்னைக் கவர்ந்தது ஸ்கிட் என்ற இலவச மென்பொருள், ஷேன் ஹட்சன் எழுதத் தொடங்கியது. அது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கடைசியில் எஞ்சிய காய்கள் எவை, சிப்பாய்கள் எந்த வரிசையில் வீட்டுக் கட்டத்தை விட்டுக் கிளம்பின என்று சில பைட் குறித்துவைக்கும். சிப்பாய் பின்னால் வராது. செத்த காய் எழுந்து வராது. ஆகவே நீங்கள் தேடும் நிலையில் இருப்பதைவிட அதிகக் காய்களோடு முடிந்த ஆட்டத்தைத் திறந்தே பார்க்க வேண்டாம். சிப்பாய் ராணியாவது மட்டும் விதிவிலக்கு, அதற்குத் தனிக் குறி. செஸ்ஸின் விதியையே இண்டெக்ஸாக்கிய ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தனி டி சிப்பாய் ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. டி5 தள்ளியவை, தள்ளாதவை என்று பிரித்துக் காட்டினேன். அண்ணாச்சி இரண்டு நாள் அவற்றைப் பார்த்தார். மூன்றாம் நாள் நோட்டை என் பக்கம் திருப்பி அந்த மை பரவிய இடத்தில் விரலை வைத்தார்.

நோட்டுகள் சிந்துபூந்துறையில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தவை. டிசம்பர் 2023-இல், 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. பேனாவில் எழுதியது கரைந்தது, பென்சில் நின்றது. 13-ஆவது நகர்த்தல் வரை படிக்க முடிகிறது. 14-உம் 15-உம் இல்லை. 16-இல் டி5 தள்ளுவதற்கு முந்தைய நிலை கட்டப்படத்தில் இருக்கிறது.

"நடுவுல என்ன ஆடுனோம்னு எடுக்க முடியுமா?"

இதற்கு எட்டுக் கோடி வேண்டாம். 13-க்குப் பிந்தைய நிலையிலிருந்து நாலு அரை நகர்த்தல். ஒவ்வொன்றுக்கும் முப்பது வழி என்றால் எட்டு லட்சத்துப் பத்தாயிரம் பாதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் சாவி கட்டப்படத்தின் சாவியோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். கடையில் உட்கார்ந்தே பத்து வரியில் எழுதினேன். நாலு பாதை பொருந்தியது. வெள்ளை ராணி ஈ2-இலிருந்து டி3-க்கு வந்திருக்கிறது, ஏ1 யானை டி1-க்கு. கறுப்பு ஜி6 தள்ளி, யானையை ஈ8-இல் வைத்திருக்கிறது. எது முதலில், எது பிறகு என்பதுதான் வித்தியாசம். சாவிக்கு நாலும் ஒன்றே.

அண்ணாச்சி நாலையும் போர்டில் ஆடிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் தைல டப்பாவை ஈ8-க்கு நகர்த்தி. மூன்றாவதை உடனே தள்ளினார். "ராணி டி3-க்கு வந்து பயங்காட்டுன பெறகுல்லா அவன் ஜி6 தள்ளுவான். அதுக்கு முன்னாடி எதுக்குத் தள்ளுதான்?" இரண்டாவதும் போயிற்று: ராணி வந்ததும் எதிராளி மூச்சுவிடாமல் ஜி6 தள்ளியது நினைவிருக்கிறதாம். மிச்சம் இரண்டு. கொஞ்ச நேரம் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ ஜெராக்ஸ் கேட்டதற்கு, "இரிங்க" என்றார்.

"நான் யானையை வச்சிட்டுத்தான் ராணியைத் தொடுவேன். அன்னைக்கும் அப்படித்தான்."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தவர், பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார். மேஜை டிராயரில் துழாவிப் பென்சிலை எடுத்து, மை பரவிய இடத்தின் மேலேயே எழுதினார்: க்யூஆர்-க்யூ1, ஆர்-கே1, க்யூ-க்யூ3, பி-கேஎன்3.